எலெக்ட்ரிக் சித்தாரின் சூட்சுமம் குதிரையில் இருக்கிறது

கேள்வி இதுதான்: "பழைய ஆங்கிலப் பாடல்கள் சிலவற்றில் சித்தார் மாதிரி ஒரு ஒலி வருகிறது. வாசிப்பவர் கையில் பார்த்தால் கிட்டார்தான் இருக்கிறது. அது என்ன வாத்தியம்? என்னிடம் இருக்கிற சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த ஒலி வருமா, பெடல் வாங்கினால்தான் வருமா?"

வரும். முழுச் சித்தாராக வராது, ஆனால் நீங்கள் அந்தப் பாடல்களில் கேட்ட ஒலி வரும். ஏனென்றால் அவற்றிலும் முழுச் சித்தார் இல்லை. கிட்டாரின் ஒரே ஒரு பாகத்தை மாற்றித்தான் அந்த ஒலியை எடுத்தார்கள். அந்தப் பாகம் பிரிட்ஜ். வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்வார்களே, அதுதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எலெக்ட்ரிக் சித்தார் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வாத்தியங்கள் புழங்குகின்றன. ஒன்று, உண்மையான சித்தாரில் சுரைக்குடத்தை எடுத்துவிட்டுத் தட்டையான மர உடல் வைத்து, பிக்கப் (தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) பொருத்தியது. கல்கத்தாவில் இவற்றைச் செய்கிறார்கள். வெளியூர் போகிற கலைஞர்கள் எடுத்துச் செல்ல வசதி. நிலாத்ரி குமார் தன் 'ஜிதார்' என்ற வாத்தியத்தைச் சித்தாரிலிருந்து கிளம்பி கிட்டார் பக்கம் கொண்டுபோனார். இவற்றை வாசிக்கச் சித்தார் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, கிட்டாரிலிருந்து கிளம்பிச் சித்தார் பக்கம் போனது. ஆறு தந்தி, கிட்டாரின் ஃப்ரெட் (விரல் வைக்கும் இடத்தில் இருக்கும் உலோகக் கம்பி), கிட்டாரின் சுருதி. குதிரை மட்டும் வேறு. உங்கள் கேள்வி இந்த இரண்டாவதைப் பற்றியது.

அது பிறந்த கதையில் 1965-ஐ முதலில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் யார்ட்பேர்ட்ஸ் குழு 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' பாடலைப் பதிவு செய்தபோது முதலில் ஒரு சித்தார்க் கலைஞரைத்தான் அழைத்திருந்தார்கள். டிரம்ஸும் பேஸும் முழங்குகிற இடத்தில் சித்தாரின் ஒலி மெலிந்து நின்றது. கடைசியில் ஜெஃப் பெக் தன் கிட்டாரில் ஃபஸ் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) போட்டு அந்த மெட்டை வாசித்தார், வெளிவந்தது அதுதான். அதே வருடம் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு படப்பிடிப்பில் சித்தாரைப் பார்த்து மயங்கினார். டிசம்பரில் வந்த இசைத்தட்டில் 'நார்வீஜியன் வுட்' பாட்டுக்கு நிஜ சித்தாரையே வாசித்தார். 1966-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸும் வாசித்தார். அப்புறம் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் அந்த ஒலி வேண்டியிருந்தது.

ஆனால் நியூயார்க் ஸ்டூடியோவில் மணிக்கணக்குக்குக் கூலி வாங்கும் ஒரு கிட்டார்க் கலைஞரிடம், "நாளைக்குச் சித்தார் வாசித்துவிடு" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? சித்தார் உட்கார்ந்து பழக வேண்டிய வாத்தியம். விரலில் மிஸ்ராப் கம்பி மாட்டிச் சரியாக மீட்டவே மாதங்கள் ஆகும். சுருதி சேர்க்க நேரம் பிடிக்கும். மைக் வைத்தால் பக்கத்து வாத்தியங்களின் சத்தமும் அதில் ஏறும்.

வின்னி பெல் அப்படிப்பட்ட ஒரு ஸ்டூடியோ கிட்டார்க் கலைஞர். கருவிகளை நோண்டிப் பார்க்கும் குணம் உள்ளவர். டேன்எலக்ட்ரோ நிறுவனத்தோடு சேர்ந்து ஏற்கெனவே 'பெல்சூகி' என்ற பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிட்டாரை வடிவமைத்திருந்தார். நேதன் டேனியல் 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனம் நியூ ஜெர்சியில் இருந்தது. மலிவான பொருளில் நல்ல ஒலி எடுப்பதில் டேனியல் கெட்டிக்காரர். லிப்ஸ்டிக் குழாய்க்குள் காந்தத்தையும் சுருளையும் அடைத்துப் பிக்கப் செய்தவர். இன்றும் அதற்கு லிப்ஸ்டிக் பிக்கப் என்றே பெயர். பெல்லின் யோசனையும் இந்தத் தொழிற்சாலையும் சேர்ந்து 1967-இல் 'கோரல் எலெக்ட்ரிக் சித்தார்' வந்தது. கோரல் என்பது அந்த நிறுவனத்தின் இன்னொரு வணிகப் பெயர்.

கோரலில் இருப்பது என்ன என்று பார்ப்போம். கிட்டார் மாதிரியே ஆறு முக்கியத் தந்திகள். உடலின் மேல்பகுதியில், அந்த ஆறுக்குப் பக்கத்தில், சிறிய யாழ்போல் பதின்மூன்று தனித் தந்திகள். ஆறு தந்திக்கு இரண்டு பிக்கப். பதின்மூன்றுக்குத் தனியாக ஒரு பிக்கப், அதற்குத் தனி வால்யூம். அப்புறம், அந்தத் தட்டையான குதிரை. இதில் பார்ப்பவர் கண் போவது பதின்மூன்று தந்திகளின் மேல். சித்தார் ஒலி அதிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொள்வோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தவறு.

தவறு என்பதற்கு அந்த நிறுவனமே ஒரு சாட்சி செய்து வைத்திருக்கிறது. அதே காலத்தில் அவர்கள் 'பேபி சித்தார்' என்ற சிறிய வாத்தியத்தையும் விற்றார்கள். அதில் பதின்மூன்று தந்திகள் கிடையாது. ஆறு தந்தி, ஒரு பிக்கப், அந்தக் குதிரை, அவ்வளவுதான். அதை மீட்டினாலும் கேட்கிறவர் "சித்தார்" என்றுதான் சொல்வார். கோரலை வாசித்த ஸ்டூடியோக்காரர்கள் சிலரிடமும் ஒரு பழக்கம் உண்டு: பதின்மூன்று தந்திகளின் மேல் பஞ்சு அல்லது டேப் வைத்து அமுக்கிவிட்டு, ஆறு தந்தியை மட்டும் பதிவு செய்வார்கள். ஒலியில் பெரிய குறை தெரியாது.

காரணம் இது. உண்மையான சித்தாரில் பதினொன்று முதல் பதின்மூன்று வரை தரப் தந்திகள், வளைந்த மெட்டுகளுக்கு (சித்தாரின் ஃப்ரெட்டுகளுக்கு) அடியில், தங்களுக்கென்று ஒரு சின்னக் குதிரையின் மேல் ஓடுகின்றன. மேல் தந்தியில் ஒரு சுரம் பிறந்தால், அதன் அதிர்வு மெல்லிய மரப்பலகை வழியாகவும் சுரைக்குடம் வழியாகவும் போய், அதே சுரத்துக்குச் சேர்த்த கீழ்த் தந்தியைத் தொடாமலே பேசவைக்கும். பள்ளிக்கூடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தோமே, அதுதான். இதற்கு உடல் லேசாக, அதிர்வைச் சுமந்து செல்வதாக இருக்க வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல் இதற்கு நேர் எதிர். தந்தியின் ஆற்றல் வெளியே போகாமல் தந்தியிலேயே நிற்க வேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். அதனால் கோரலின் பதின்மூன்று தந்திகள் தானாகப் பேசுவது மிகவும் குறைவு. அரைச்சுரம் அரைச்சுரமாக ஒரு ஸ்தாயி முழுவதும் சேர்த்து வைத்து, பாட்டின் நடுவில் விரலால் ஒரு தடவு தடவினால் அழகாக இருக்கும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, குதிரைக்கு வருகிறேன். இந்தப் பதிலில் நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

சாதாரணக் கிட்டாரில் தந்தி ஒரு கூரான விளிம்பில் முடிகிறது. தந்தியின் நீளம் எப்போதும் ஒன்றேதான். சித்தாரில் தந்தி ஓர் அகலமான பரப்பின் மேல் படுத்து முடிகிறது. எலும்பிலோ கொம்பிலோ செய்த அந்தப் பரப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பார்த்தால் தட்டை, உண்மையில் முன்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்து இறங்கும். தந்தி கீழே ஆடும்போது அந்த வளைவின் மேல் கொஞ்சம் ஒட்டிப் படிகிறது. அந்த நொடிப்பொழுதுக்குத் தந்தியின் நீளம் குறைகிறது. மேலே ஆடும்போது உரிந்து வருகிறது, நீளம் கூடுகிறது. விநாடிக்கு 110 அதிர்வு உள்ள சுரம் என்றால் இது விநாடிக்கு 110 முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் தந்தி பரப்பைத் தடவிப் போகும்போது உயர்ந்த மேற்சுரங்களுக்கு (ஒரு சுரத்தோடு கூடவே ஒலிக்கும் மேல் சுரங்கள்) புதிதாக உயிர் கிடைக்கிறது. மீட்டிய உடனே ஆட்டம் பெரிது, ஒட்டிப் படிகிற தூரமும் அதிகம். ஆட்டம் அடங்க அடங்க அந்தத் தூரம் சுருங்குகிறது. அதனால்தான் சித்தாரின் ஒலி ஒரே நிறத்தில் நிற்பதில்லை. "ஞொய்ங்" என்று மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டே வரும். சுரம் மாறவில்லை, அதற்குள் மேற்சுரங்களின் கூட்டம் இறங்கி வருகிறது.

இதை விஞ்ஞானியின் காதோடு முதலில் கேட்டு எழுதியவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். கல்கத்தாவில் இருந்தபோது, 1921-இல், தம்புரா, வீணை ஆகிய தந்தி வாத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நோபல் பரிசு வருவதற்கு ஒன்பது வருடம் முன்பு. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாக (ஆடாத புள்ளியாக) கொண்ட மேற்சுரங்கள் கேட்கக் கூடாது என்பது பழைய இயற்பியல் விதி. சரியாக நடுவில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது, ஆறாவது மேற்சுரங்கள் இருக்கக் கூடாது. தம்புராவிலும் வீணையிலும் அவை இருக்கின்றன, பலமாகவே இருக்கின்றன என்று ராமன் காட்டினார். விதியை உடைப்பது குதிரையின் அந்த வளைந்த பரப்பு என்பதையும் அவர் கண்டுகொண்டார். அவர் மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். அந்த நாதம் வீட்டிலேயே கேட்ட நாதம் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

நம் ஊர் வாத்தியங்களை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்தால் இதெல்லாம் உடனே புரியும். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு துண்டு நூல் செருகுவார்களே, ஜீவாளி, அதை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். செத்துக்கிடந்த தந்தி திடீரென்று விழித்துக்கொள்ளும். வீணைக்கு நூல் கிடையாது; மரக்குதிரையின் மேல் ஒரு உலோகத் தகடு இருக்கும், லேசான வளைவோடு. எங்கள் அத்தையின் வீணை நாதம் இல்லாமல் போய், தஞ்சாவூரில் செப்பனிடுபவரிடம் கொடுத்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் தந்தியை மாற்றவில்லை, குடத்தைத் தொடவில்லை. தகட்டை அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்ப்பார், தந்தியை மீட்டுவார், தலையை ஆட்டுவார், மறுபடி தேய்ப்பார். அரை நாள் அதுதான் வேலை. கிளம்பும்போது வீணை பழைய மாதிரி பாடியது. சித்தார்க்காரர்கள் இந்த வேலையை ஜவாரி என்பார்கள். ரவிசங்கரின் சித்தாரில் ஜவாரி திறந்திருக்கும். ஒலி விரிந்து மினுமினுக்கும். விலாயத் கானுடையது மூடிய ஜவாரி. ஒலி உருண்டு, குரலுக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரே வாத்தியம், தேய்ப்பில்தான் வித்தியாசம்.

வின்னி பெல் கிட்டாருக்குக் கொண்டுவந்தது இந்த ஒன்றைத்தான். அகலமான தட்டைக் குதிரை; அதன் சாய்வைத் திருகால் கூட்டிக் குறைக்கலாம். குடமும் மெல்லிய பலகையும் இல்லாததால் சித்தாரின் உடல் ஒலி இல்லை. பிக்கப் எடுப்பது தந்தியின் அசைவை மட்டும். ஆகவே கோரலின் ஒலி சித்தாரைவிட மெலிந்தது, வெளிச்சமானது, கொஞ்சம் மூக்கால் பேசுவது. டிரம்ஸுக்கும் பேஸுக்கும் மேலே தனியாகத் தெரிய அதுவே உதவியது. 1965-இல் யார்ட்பேர்ட்ஸுக்கு வந்த சங்கடம் இதில் வரவில்லை.

இந்த வாத்தியம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலில் அதை இந்திய வாசனைக்காகத்தான் பயன்படுத்தினார்கள். வின்னி பெல்லே வாசித்த லெமன் பைப்பர்ஸின் 'கிரீன் டம்பரின்' 1968 பிப்ரவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அது முழுக்க அந்தக் காலத்து மயக்க இசை. ஆனால் அதே வருடம் மெம்பிஸ் நகரத்தில் ரெஜி யங் என்ற கிட்டார்க் கலைஞர் பாக்ஸ் டாப்ஸின் 'க்ரை லைக் எ பேபி', பி.ஜே. தாமஸின் 'ஹூக்ட் ஆன் எ ஃபீலிங்' ஆகிய பாடல்களில் இதை வாசித்தார். இரண்டிலும் இந்தியாவே இல்லை. தெற்கத்திய அமெரிக்காவின் சோல் இசை, காதல் பாட்டு. பாடுபவரின் குரல் நிறுத்துகிற இடத்தில் எலெக்ட்ரிக் சித்தார் ஒரு வரி பதில் சொல்லும். டெட்ராய்ட்டில் ஸ்டீவி வொண்டரின் 1970 பாடல் 'சைன்ட், சீல்ட், டெலிவர்ட்' இந்த ஒலியில்தான் தொடங்குகிறது. ஃபிலடெல்ஃபியாவில் தாம் பெல் என்ற தயாரிப்பாளர் ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவின் மெல்லிய பாடல்களில் இதை வயலின் கூட்டத்துக்கும் ஊதுகுழல்களுக்கும் நடுவே இழைத்தார். 1974-இல் வந்த 'யூ மேக் மீ ஃபீல் பிராண்ட் நியூ' கேட்டுப் பாருங்கள். அங்கே அது வேறு நாட்டு வாத்தியமாகவே காதில் படாது. அந்த ஊர்க் குரலாகவே ஆகிவிட்டது.

இதனால்தான் "இது போலிச் சித்தார்" என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஹார்மோனியம் எங்கிருந்தோ வந்து நம் கச்சேரியில் உட்காரவில்லையா? வயலினுக்கும் அதே கதைதான். கருநாடக இசையில் வயலின் வாசிக்கிறவரை யாரும் போலி என்று சொல்வதில்லை. கோரலும் அப்படித்தான், தந்தியைப் பரப்பின் மேல் படுக்கவைக்கும் ஒரு பழைய அறிவை எடுத்துக்கொண்டு வேறொரு ஊரில் வேறொரு பாட்டுக்குப் போனது. ராகம் வாசிக்க அது உதவாது, உண்மைதான். சித்தாரில் மெட்டுகள் வளைந்து உயர்ந்து நிற்பதால், ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து நாலைந்து அரைச்சுரமும் அதற்கு மேலும் ஏறலாம். அந்த மீண்ட் இல்லாமல் சித்தார் இல்லை. கிட்டார் ஃப்ரெட்டில் இரண்டு மூன்றுக்கு மேல் இழுப்பது கடினம்.

அந்தக் குறையை வேறொரு வழியில் தீர்க்கப் பார்த்தவர் ஜான் மெக்லாஃப்லின். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் அவர். சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் வாசிப்பதற்காக ஏப் வெக்டர் என்ற கைவினைஞரைக் கொண்டு ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் செய்வித்தார். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழியாகக் குடைந்து, தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் வரும்படி செய்தார்கள். ஒலித்துளைக்கு மேல் குறுக்காக ஏழு சுருதித் தந்திகள். கவனித்தீர்களா, அவர் குதிரையைத் தொடவில்லை. வின்னி பெல் ஒலியின் நிறத்தை எடுத்துக்கொண்டு கமகத்தை விட்டார். மெக்லாஃப்லின் கமகத்தை எடுத்துக்கொண்டு நிறத்தை விட்டார். இரண்டும் சேர்ந்த கிட்டார் ஒன்றை யாராவது நன்றாகச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

டேன்எலக்ட்ரோ தொழிற்சாலை 1969-இல் மூடப்பட்டது. கோரல் சித்தார் உற்பத்தியில் இருந்தது அந்த இரண்டு வருடம்தான். ஆனாலும் அதன் பெயர் சாகவில்லை. ஸ்டீலி டேன் குழுவின் 1972 பாடல் 'டூ இட் அகெய்ன்'-இல் டெனி டயஸ் வாசித்த தனி ஆவர்த்தனம் இன்றும் கிட்டார் பழகுகிறவர்களுக்குப் பாடம். 1987-இல் பாட் மெத்தனி 'லாஸ்ட் ட்ரெயின் ஹோம்' என்ற ஜாஸ் பாடலின் முழு மெட்டையும் இதிலேயே வாசித்தார். பின்னால் ரயில் ஓடுகிற மாதிரி டிரம்ஸ், மேலே நீண்டு கரையும் இந்த ஒலி. நாஷ்வில்லில் ஜெர்ரி ஜோன்ஸ் என்ற கிட்டார் தயாரிப்பாளர் கோரலை அச்சாக மறுபடி செய்து பல வருடம் விற்றார். டேன்எலக்ட்ரோ பெயரை வாங்கியவர்கள் பேபி சித்தாரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அசல் கோரல் கிடைத்தால் பழம்பொருள் விலைதான்.

இனி உங்கள் கிட்டார்.

பெடல் பற்றி முதலில். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் 'ராவிஷ் சித்தார்' போன்றவை உங்கள் சுரத்தைக் கண்டுபிடித்து, அதற்கேற்பச் சித்தார் போன்ற ஒலியையும் பின்னணித் தரப் ஒலியையும் தாமே உண்டாக்கித் தருகின்றன. மேடையில் ஒரு பாட்டுக்கு மட்டும் வேண்டும், அடுத்த பாட்டுக்குச் சாதாரணக் கிட்டார் வேண்டும் என்றால் அதுவே நடைமுறை. தரப் ஒலி கோரலைவிடக் கூட அதில் நன்றாக இருக்கும். ஆனால் மெதுவாகத் தொட்டால் ஒரு நிறம், ஓங்கி மீட்டினால் வேறு நிறம் என்று குதிரை கைக்குச் சொல்கிற பதில் அதில் கிடைக்காது. என் காதுக்கு அது பெரிய இழப்பு.

குதிரையை மாற்றுவதானால், கிட்டாருக்கென்று தயாரான சித்தார் பிரிட்ஜ்கள் தனியாக விற்கின்றன. உங்கள் கிட்டாரின் துளைகளுக்குப் பொருந்துமா என்று அளந்து பார்த்து வாங்குங்கள். நல்ல கிட்டாரில் கை வைக்காதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் ஒன்றை இதற்கென்று ஒதுக்குவதே நல்லது, ஏனென்றால் ஒரு தடவை பதம் வந்துவிட்டால் அதைக் கலைக்க மனம் வராது.

காசு செலவில்லாமல் முதலில் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. பலர் தம்புரா மாதிரி தந்திக்கு அடியில் நூல் செருகிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் வரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். வராது. நூல் வேலை செய்ய அதற்கு முன்னால் அகலமான பரப்பு வேண்டும். கிட்டாரின் சாடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) விளிம்பு கூரானது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது பரப்பை உண்டாக்குவது. எலும்பு, கருங்காலி, கெட்டியான பிளாஸ்டிக், இவற்றில் ஏதாவது ஒரு துண்டு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் எடுங்கள். மேல்பரப்பை உப்புத்தாளில் தேய்த்து, கழுத்துப் பக்கம் மெல்ல இறங்கும்படி வளைவு கொடுங்கள். சாடிலுக்கு முன்னால், தந்தி அதை உரசியும் உரசாமலும் போகிற உயரத்தில் வையுங்கள். காகிதம், அட்டை வேண்டாம். அவை மென்மையானவை, தந்தியின் ஆற்றலைக் குடித்துவிடும், "டப் டப்" என்றுதான் கேட்கும்.

சரிவு அதிகமானால் தந்தி பரப்பை விட்டு உடனே விலகிவிடும், ஒலி சாதாரணக் கிட்டாராகவே இருக்கும். சரிவே இல்லையென்றால் தந்தி மொத்தமாகப் பரப்பில் மோதி, ஒலி மூச்சடைத்து ஓய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. அங்கே வந்தால் மீட்டிய ஒலி முதலில் கொஞ்சம் அடங்கி, பிறகு மலர்ந்து, நீளமாக இறங்கும். அந்த மலர்ச்சிதான் அடையாளம். வெறும் இரைச்சல் வந்தவுடன் "கிடைத்துவிட்டது" என்று நிறுத்திவிடாதீர்கள். ஃப்ரெட்டில் தந்தி இடித்தாலும் இரைச்சல் வரும், அது இதுவல்ல.

ஒரு சிக்கல் கண்டிப்பாக வரும்: சுருதி. தந்தி இப்போது முன்னாலேயே முடிவதால் அதன் நீளம் குறைந்துவிட்டது. மேலே போகப் போக ஃப்ரெட் சுரங்கள் ஏறி ஒலிக்கும். திறந்த தந்தியையும் 12ஆம் ஃப்ரெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறியிருந்தால் துண்டையும் சாடிலையும் பின்னுக்குத் தள்ளுங்கள். ஆறு தந்திக்கும் ஒரே தட்டு என்பதால் எல்லாம் ஒருசேரச் சரியாகாது. கோரலிலேயே அந்தத் தொல்லை உண்டு. மெல்லிய மூன்று தந்திகளுக்குச் சரிசெய்துகொண்டு, அவற்றில் வாசிப்பதே வழி.

வாசிக்கும்போது கார்டு (பல சுரங்களை ஒருசேர அடிப்பது) போட்டால் எல்லாம் கலங்கிவிடும். ஒரு தந்தியில் பாட்டின் மெட்டை மட்டும் வாசியுங்கள். கீழே திறந்த டி தந்தியை அவ்வப்போது தொட்டுச் சுருதிபோல நிறுத்துங்கள். கெட்டியான பிக் எடுத்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டுங்கள். சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவுவதைவிட வழுக்கிப் போவது இதற்குப் பொருந்தும். 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்தி செட் போட்டால் இழுப்பதும் எளிது, குதிரையில் படிவதும் நன்றாக இருக்கும். மேலே கம்பி சுற்றிய தடித்த தந்திகள் பரப்பைச் சீக்கிரம் அறுக்கும். பள்ளம் விழுந்தால் ஒலி மங்கும், அப்போது உப்புத்தாளை மறுபடி எடுக்க வேண்டியதுதான். பதிவு செய்வதானால் அதே வரியைச் சாதாரணக் கிட்டாரிலும் வாசித்து அடியில் மெல்லியதாக வையுங்கள். எலெக்ட்ரிக் சித்தாருக்கு இல்லாத உடலை அது கொடுக்கும்.

ஆறு தந்திக்கும் ஒரே நாளில் பதம் பார்க்க முயலாதீர்கள். முதலில் ஜி தந்தி ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் தேய்த்து, மீட்டி, கேட்டு, மறுபடி தேய்த்துப் பாருங்கள். அது மலர்ந்த பிறகு மற்ற ஐந்துக்குப் போகலாம்.